எக்காளம்: ஒரு சொல்லைப் படிக்கவும் எழுதவும் முழுமையான வழிகாட்டி

என்னிடம் தமிழ் படிக்க வரும் பிள்ளை ஒருத்தி, திருகோணமலை உவர்மலைப் பக்கத்தில் இருந்து வருகிறவள், ஒரு பின்னேரம் வீட்டிலிருந்த வேதாகமத்தைக் கொண்டுவந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். ‘கடைசி எக்காளம் தொனிக்கும்போது’ என்ற வரி. “சேர், செத்த ஆக்கள் எழும்புற நேரத்தில ஆர் எக்காளமாச் சிரிக்கிறது?”

அவளிடம் பிழையில்லை. இன்று கதைகளிலும் பத்திரிகைகளிலும் எக்காளம் என்று வந்தால் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு சிரிப்பும் வரும். வில்லன் எக்காளமிடுவான், வென்ற கட்சி எக்காளமிடும். அது ஒரு ஊதுகருவியின் பெயர், செம்பிலோ பித்தளையிலோ செய்த நீண்ட குழல் என்பது அவளுக்கு ஒருவரும் சொல்லாத செய்தி. அன்று அவளுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். படி படியாக வாருங்கள், அவசரப்பட வேண்டாம், நாலாவது படியில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நிற்போம்.

முதல் படி: கருவியை முதலில் காதால் பிடியுங்கள்

அகராதியைத் திறக்க முன் சத்தத்தைக் கேட்க வேண்டும். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இது சுலபம். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியே பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகிறது, உள்ளே இராணுவ முகாம், இந்தப் பக்கம் துறைமுகத்தில் கடற்படைத் தளம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் காலமையில் எழுப்புவது மணிக்கூடு இல்லை. காற்று வாக்காக அடித்தால் பியூகிள், அதாவது படை முகாமில் ஊதும் சின்ன ஊதுகருவி, அதன் சத்தம் வரும், அம்மம்மா “ஊதிட்டாங்கள், எழும்பு” என்பா.

அந்தச் சத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு விசயத்தைக் கவனியுங்கள். பியூகிளில் விரல் வைத்து மூடித் திறக்கத் துளையும் இல்லை, அழுத்துவதற்குக் கட்டையும் இல்லை. ஊதுகிறவர் தன் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் சுரத்தை மாற்ற வேண்டும். அப்படி மாற்றினாலும் அந்தக் குழலின் நீளம் அனுமதிக்கிற சில சுரங்கள் மட்டுமே வரும், வழமையான படை அழைப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஐந்து சுரங்களுக்குள் முடிந்துவிடும். நம்முடைய எக்காளம், கொம்பு, தாரை, திருச்சின்னம் எல்லாம் இதே இனம்தான். நாதஸ்வரத்தை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அதற்குச் சீவாளியும் (வாயில் வைத்து ஊதும் நாணல்) துளைகளும் இருக்கின்றன, ஒரு இராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்ய அதனால் முடியும். எக்காளத்தால் முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தச் சொல் இலக்கியத்தில் செய்யும் வேலை முழுவதும் இந்த இயலாமையில் இருந்துதான் பிறக்கிறது. பாட்டுப் பாட முடியாத கருவி கூப்பிடும். ஐந்து சுரத்தை வைத்துக்கொண்டு சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: வருகிறது, அல்லது வந்துவிட்டது.

இரண்டாம் படி: குடும்பத்தை அறிந்துகொள்ளுங்கள்

பியூகிள் என்பதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்று கேட்டால் நான் ஊதுகொம்பு என்பேன். இதில் அழகான ஒரு ஒற்றுமை உண்டு. ஆங்கிலத்தில் பியூகிள் என்றால் முதலில் காட்டு மாடு, பிறகு அந்த மாட்டின் கொம்பு, பிறகுதான் ஊதுகருவி. இளங்காளையைக் குறித்த ஒரு இலத்தீன் சொல் அதன் வேர். நாமும் மாட்டுத் தலையில் இருப்பதையும் வாயில் வைத்து ஊதுவதையும் கொம்பு என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறோம். இரண்டு மொழிக்காரரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

கொம்புக்கு மூத்த சொல் கோடு. வளைந்ததெல்லாம் கோடு: விலங்கின் கொம்பு, யானையின் தந்தம், சங்கு, மலையின் உச்சி. பழைய பாட்டில் கோடு ஒலித்தது என்று வந்தால் அது கொம்பா சங்கா என்று பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

வயிர் என்பது சங்கப் பாட்டுகளில் வரும் ஊதுகொம்பு. அநேகமாக எப்போதும் வளையோடு, அதாவது சங்கோடு, சோடியாக வரும். தூம்பு என்றால் உள்ளே துளையுள்ள எதுவும். மூங்கிலும் தூம்பு, மதகும் தூம்பு, ஊதுகுழலும் தூம்பு. மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டு தொடங்கும் இடத்திலேயே கூத்தர்கள் தூக்கிக்கொண்டு போகும் கருவிகளின் பட்டியல் ஒன்று வரும், அதில் ‘களிற்று உயிர்த் தூம்பு’ என்று ஒரு கருவி. களிறு மூச்சு விடுவதுபோல ஒலிக்கும் தூம்பு. இரண்டு சொல்லில் அந்தக் குழலின் நீளமும் கிடைக்கிறது, கனத்த மூச்சும் கிடைக்கிறது. கந்தளாய்ப் பக்கம் இரவில் பஸ்ஸில் வரும்போது யானை மூச்சைக் கிட்டக் கேட்டவர்களுக்கு அந்தப் புலவர் எவ்வளவு சரியாகக் கேட்டிருக்கிறார் என்று தெரியும். அதே பட்டியலில் மயிற்பீலி கட்டி அழகுபடுத்திய கோடும் இருக்கிறது. எல்லாவற்றையும் பைகளில் போட்டுக் காவிக்கொண்டு போவதைப் பார்க்கப் பலா மரத்தில் காய் குலைகுலையாகத் தொங்குவதுபோல இருக்கிறதாம்.

காளம், தாரை, சின்னம் மூன்றும் பிற்காலப் புராணங்களிலும் கோயில்களிலும் நிறைய வரும். தாரை நேரான நீண்ட குழல். திருச்சின்னம் என்பது இரண்டு சிறிய நேர்க்குழல்களை ஒருவரே ஒன்றாக வாயில் வைத்து ஊதுவது. பூரிகை என்று இன்னொன்று இருக்கிறது, அதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் பல சொற்களுக்கு வேறு பொருளும் உண்டு. தாரை என்றால் நீரொழுக்கும்தான், வாலியின் மனைவியும்தான். காளம் என்றால் கறுப்பும் நஞ்சும். சின்னம் என்றால் இன்று எல்லோருக்கும் தேர்தல் சின்னம்தான் ஞாபகம் வரும். ஆகவே ‘தாரையும் சின்னமும்’ என்று படித்தவுடன் பக்கத்தில் ‘ஊத’, ‘ஒலிக்க’, ‘ஆர்ப்ப’ போன்ற வினை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கருவிதான்.

மூன்றாம் படி: ஒன்றுபோலத் தோன்றும் மூன்றைப் பிரியுங்கள்

எக்காளம், எக்களிப்பு, எகத்தாளம். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து எழுதுகிறவர்கள் ஏராளம்.

எக்களிப்பு என்றால் மிதமிஞ்சிய மகிழ்ச்சி, எக்களித்தல் என்ற வினையில் இருந்து வருவது. அதில் யாரையும் தாழ்த்தும் எண்ணம் இல்லை. பரீட்சை முடிவைப் பார்த்த பிள்ளையின் முகத்தில் எக்களிப்பு. எகத்தாளம் என்றால் நக்கல், அதில் மகிழ்ச்சி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வாய்த்துடுக்கு இருந்தால் போதும். எக்காளம் முதலில் கருவி. வென்றவன் ஊதிய கருவி தோற்றவன் காதில் கேலியாக விழும் அல்லவா, அந்த வழியாகத்தான் எக்காளமிடுதல் என்பதற்கு வெற்றிச் செருக்கோடு ஆர்ப்பரித்தல் என்ற பொருள் ஏறியது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே ‘எக்காளச் சிரிப்பு’ என்று எழுதும்போது அங்கே ஒருவன் வென்றிருக்க வேண்டும், ஒருவன் தோற்றிருக்க வேண்டும், சத்தமும் உரத்திருக்க வேண்டும். வாய்க்குள் சிரிக்கும் ஏளனத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது.

நாலாம் படி: வருவது யார், கேட்பது யார்

வழிகாட்டி முழுவதிலும் ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் எக்காளமோ வயிரோ சின்னமோ ஒலித்தால் உடனே இரண்டு கேள்வி கேளுங்கள். யார் வருவதாக இது அறிவிக்கிறது? யாருடைய காதில் விழுகிறது? கருவி எப்போதும் அதே ஐந்து சுரம்தான். பொருள் கேட்கிறவரிடம் இருக்கிறது.

நம்முடைய மலையில் இருந்தே தொடங்கலாம். கோணமாமலையைப் பாடியவர் திருஞானசம்பந்தர். இராமேச்சுரத்தில் நின்று இந்தப் பக்கம் நோக்கிப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. சம்பந்தப் பிள்ளை திருநெல்வாயில் அரத்துறைக்கு நடந்தே வந்தபோது இறைவன் முத்துச் சிவிகையும் (பல்லக்கு) குடையும் சின்னமும் கொடுத்தார் என்பதும் அதே நூலில் இருக்கிறது. சிவிகை கால் நோகாமல் இருக்க, குடை வெயில் படாமல் இருக்க, சின்னம் எதற்கு? அவர் வருவதை ஊருக்குச் சொல்ல. மதுரைக்குப் போகும்போது அந்தச் சின்னம் ‘பரசமய கோளரி வந்தான்’ என்று ஊதுகிறது. கோளரி என்றால் சிங்கம். வழியில் நின்ற அடியாருக்கு அது கை கூப்பச் சொல்லும் ஒலி, எதிர் வாதம் செய்யக் காத்திருந்தவர்களுக்கு அது சிங்கம் வருகிற ஒலி. ஒரே ஊதல்.

வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் காஞ்சி வரதராசப் பெருமாளைப் பற்றித் திருச்சின்னமாலை என்றே ஒன்று பாடியிருக்கிறார். பெருமாள் புறப்பாட்டில் முன்னால் ஊதும் திருச்சின்னம் என்ன சொல்லும் என்பதுதான் பாட்டு. அதில் ‘வந்தார்’, ‘வந்தார்’ என்று ஒவ்வொரு அடியும் வந்து முடியும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அந்தச் சொல்லே இரண்டு சுரத்தில் ஊதுவதுபோல இருக்கும். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலில் நிறைகுடம் வைத்துவிட்டுக் காத்திருக்கிறோமே, வீதி முனையில் சத்தம் கேட்டவுடன் வீட்டுக்குள் இருப்பவர்களைக் கூப்பிடுகிறோமே, அப்போது நாங்கள் சொல்வதும் இதே சொல்தான். “சாமி வந்திட்டார்.”

இப்போது கேட்கிறவரை மாற்றுங்கள். முல்லைப்பாட்டில் போருக்குப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். ஒவ்வொரு சத்தமாகக் கேட்டுக் கேட்டுப் படுத்திருக்கிறாள். கடைசியில் ‘வயிரும் வளையும் ஆர்ப்ப’ வென்று திரும்பும் படையின் குதிரைகள் அவள் காது நிறையக் கனைக்கின்றன. படையே வருகிறது, ஆனால் அவளுக்கு வருவது ஒருவர்தான். அந்தக் கொம்பு அரசனின் வெற்றியை ஊருக்கு அறிவிப்பதற்கு ஊதப்பட்டது, பாட்டு அதை ஒரு பெண்ணின் காதில் கொண்டுபோய் வைக்கிறது. வெற்றி என்ற சொல் அங்கே எவ்வளவு சின்னதாகிப் போகிறது!

இன்னும் ஒரு படி உள்ளே போனால் குறிஞ்சிப்பாட்டு. மாலை நேரம், கன்றை நினைத்துக் கூப்பிட்டபடி மாடுகள் திரும்புகின்றன, பனை மடலில் இருந்து அன்றில் அகவுகிறது. அந்த அன்றிலின் குரலை ‘ஏங்கு வயிர் இசைய’ என்கிறார் கபிலர். ஏங்குகிற கொம்பின் ஓசையை உடையது. போர்க்களத்துக் கருவியை எடுத்து, துணையைப் பிரிந்தால் உயிர் வாழாது என்று சொல்லப்படும் ஒரு பறவையின் தொண்டையில் வைத்துவிட்டார். இங்கே வருவது யாரும் இல்லை, இரவு மட்டும் வருகிறது. கொம்பு என்றால் வீரம் என்று ஒரே பொருளைப் படித்துக்கொண்டு பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் இந்த வரியைத்தான் முதலில் காட்டுவேன்.

எங்கள் ஊரிலும் இது புத்தகத்துச் சங்கதி இல்லை. அம்மம்மா “எழும்பு” என்று சொன்ன அதே காலமை ஊதலைக் கேட்டு, அதே ஒழுங்கையில் வேறொரு வீட்டில் படலைக் கொளுக்கி சரியாகக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தவர்களும் இருந்தார்கள். போர் நடந்த அந்த வருடங்களைப் பற்றி யாராவது கதை எழுதினால் இரண்டு வீட்டையும் எழுத வேண்டும். நிலாவெளி வீதியில் இருக்கும் போர் மயானத்தின் பக்கம் போனாலும் எனக்கு இந்த நினைவுதான் வரும். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன, இரண்டாம் உலகப் போரில் இறந்த எத்தனையோ பேர் அங்கே கிடக்கிறார்கள். பிரித்தானியப் படை மரபில் இரவு கடமை முடிந்ததை அறிவிக்கும் பியூகிள் ஊதலையே இறந்தவர்களுக்கான அஞ்சலியிலும் ஊதுவார்கள். ஒவ்வொரு இரவும் படுக்கப் போகச் சொன்ன சத்தம் கடைசியாக ஒரு முறை.

ஐந்தாம் படி: வேதங்களில் பாருங்கள்

திருகோணமலையில் ஒரு சொல்லைப் படிப்பதென்றால் மூன்று வகைக் கோயிலுக்குள்ளும் போய்வர வேண்டும்.

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. எண்ணாகமம் 10ஆம் அதிகாரத்தில் மோசே வெள்ளித் தகட்டால் செய்யச் சொல்லப்பட்டவை இரண்டு *பூரிகைகள்*. யோசுவா 6ஆம் அதிகாரத்தில் எரிகோவைச் சுற்றி வரும்போது ஏழு ஆசாரியர்கள் ஊதுவது *கொம்பு எக்காளங்கள்*, அவை ஆட்டுக்கடாக் கொம்பு. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், தருமம் செய்யும்போது ஊருக்குத் தம்பட்டம் அடிக்காதே என்னும் இடத்தில் ‘தாரை ஊதுவியாதே’. வெள்ளிக் குழலுக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, வீண் பெருமைக்கு வீதியில் ஊதுவதற்கு ஒன்று. ஆங்கிலத்தில் இந்த மூன்று இடத்துக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான் நிற்கும். தமிழில் மூன்றாக நிற்பதைப் பார்க்கும்போது மொழிபெயர்த்தவர்கள் நம் கோயில் வீதிகளையும் நன்றாகக் கேட்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இரண்டு இடத்தைச் சேர்த்துப் படியுங்கள். 14ஆம் அதிகாரத்தில், எக்காளம் விளங்காத சத்தமிட்டால் யார் போருக்கு ஆயத்தம் செய்வார்கள் என்று ஒரு கேள்வி. 15ஆம் அதிகாரத்தில் என் மாணவி காட்டிய அந்தக் கடைசி எக்காளம். முதலாவது தெளிவில்லாத எக்காளம், இரண்டாவது செத்தவர்களுக்கும் விளங்கும் அளவுக்குத் தெளிவான எக்காளம்.

கின்னியா, மூதூர்ப் பக்கத்து நண்பர்களிடம் கேட்டால் ஸூர் என்பார்கள். இறுதி நாளில் வானவர் இஸ்ராஃபீல் ஊதும் ஸூர். தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் ஸூர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விளக்கமாக எக்காளம் என்று எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். முதல் ஊதலில் எல்லாம் விழும், அடுத்த ஊதலில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். ஆக நம் ஊரில் மூன்று சமூகத்தவரும் ஒரே சொல்லைக் கேட்டு மூன்று வருகையை நினைக்கிறோம்.

ஆறாம் படி: வினைச்சொல்லைச் சரியாகப் போடுங்கள்

‘எக்காளம் கொட்டினார்கள்’ என்று ஒரு விழா மலரில் படித்தேன். கொட்டுவது பறையும் மேளமும், எக்காளம் ஊதப்படுவது. ஊதுகிறவரை வைத்து எழுதினால் ஊதினார், ஓசையை வைத்து எழுதினால் தொனித்தது, முழங்கியது, ஒலித்தது. தூரத்தில் இருந்து வந்தால் ‘கேட்டது’ என்ற எளிய சொல்லே போதும்.

பழைய புலவர்கள் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதற்குத் திருமுருகாற்றுப்படையில் ஒரு இடம்: ‘திண்காழ் வயிர் எழுந்து இசைப்ப, வால்வளை ஞரல’. வயிருக்கு இசைப்ப, சங்குக்கு ஞரல, அடுத்து வரும் முரசுக்கு இடி. மூன்று கருவிக்கு மூன்று ஒலி, ஒன்றை எடுத்து மற்றதில் போட முடியாது. ‘ஞரல’ என்று சொல்லும்போதே மூக்குக்குள் அந்தச் சங்கு கேட்கும்.

சங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்காளம் வேண்டிய இடத்தில் பழக்கதோசத்தால் பலர் சங்கை ஊதிவிடுகிறார்கள். பாரதி ‘சங்கு கொண்டே வெற்றி ஊதுவோமே’ என்றார், பாரதிதாசன் ‘சங்கே முழங்கு’ என்றார், அந்தப் பாட்டுகள் காதில் நின்றுவிட்டதால் வெற்றி என்றால் சங்கு என்று கை தானாகப் போகிறது. ஆனால் பேச்சில் ‘சங்கு ஊதியாச்சு’ என்றால் ஆள் முடிந்தது என்று பொருள். ‘ஊதுற சங்கை ஊதுவோம், விடியும்போது விடியட்டும்’ என்றால் அதில் இருப்பது பொறுமை. ஆண்டாள் திருப்பாவையில் சொல்வது ‘விளிசங்கு’, கூப்பிடுகிற சங்கு. சங்குக்கு சாவும் உண்டு, விடியலும் உண்டு, எக்காளத்துக்கு எப்போதும் பின்னால் ஒரு ஊர்வலம் உண்டு.

தமிழ்நாட்டில் சாவு வீட்டில் தாரை தப்பட்டை வரும், நம் பக்கம் பறைமேளம். இங்கே நடக்கும் கதையில் அங்கே படித்த சொல்லை எடுத்துப் போடாதீர்கள்.

ஏழாம் படி: நீங்களே எழுதிப் பாருங்கள்

சரி, இப்போது எழுதலாம். முதலில் வீரம், வெற்றி, முழக்கம் என்ற சொற்களை மேசையில் இருந்து எடுத்துவிடுங்கள். அப்புறம் நாலாம் படியின் இரண்டு கேள்விக்கும் ஒரு துண்டுத் தாளில் பதில் எழுதுங்கள். கருவியை இடம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: முகாமுக்குப் பியூகிள், கோயிலுக்குத் திருச்சின்னமோ எக்காளமோ, பழங்கதைக்கு வயிர் அல்லது கொம்பு. பியூகிள் என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம், கோட்டைக்குள் ஊதுவதை எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும்.

என் மாணவி முதலில் எழுதிக்கொண்டு வந்த வரி இது: ‘வெற்றி எக்காளம் விண்ணைப் பிளக்க முழங்கியது.’ யார் வந்தது என்று கேட்டேன், தெரியாது என்றாள். யார் கேட்டது என்று கேட்டேன், பேசாமல் இருந்தாள். கொப்பியைத் திருப்பிக்கொண்டு போய் அடுத்த கிழமை இதைக் கொண்டுவந்தாள்:

‘கோட்டைக்குள் பியூகிள் ஊதியது. அப்பா கடலுக்குப் போய் மூன்று நாள். அம்மா அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து, இரண்டு கோப்பையில் ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தா.’

எக்காளம் என்ற சொல் அதில் இல்லை. நான் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை.